தலைக்கு மேலே ஒரு டப்பா

பச்சை மூடி போட்ட அந்த டப்பாவில் நிறையத் தண்ணீர் பிடித்து, மூடியை அழுத்தி, என் தலைக்கு மேலே கவிழ்த்துக் காட்டுவாள் மன்னி. கீழே பட்டுப்புடவையில் நான். கரமனை அக்ரஹாரத்தில் எந்த வீட்டுக் கூடத்தில் பெண்கள் கூடினாலும் எங்கள் விற்பனை இப்படித்தான் தொடங்கும். ஒரு சொட்டு சிந்தாது. நான் கண்ணைக்கூட மூடமாட்டேன். டப்பாவைப் பிடித்திருப்பவள் என் அண்ணன் மனைவி அல்லவா. தொண்ணூறுகளின் கடைசியில், பெண்களை வைத்தே பிளாஸ்டிக் டப்பா விற்கும் அந்தக் கம்பெனியில் என்னைச் சேர்த்துவிட்டதே அவள்தான்.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். வீட்டில் திட்டு வாங்கித் தந்த அந்த வாய் விற்பனைக்கு நன்றாக உதவியது. இரண்டு வருஷத்தில் பதினோரு பெண்களை நானே சேர்த்துவிட்டேன். அத்தனை பேரைச் சேர்த்தவளை மேனேஜர் ஆகச் சொல்லிக் கம்பெனியே கடிதம் போடும். மேனேஜர் ஆனவள், தான் சேர்த்த பெண்களோடு பழைய குழுவிலிருந்து பிரிந்து தனிக்குழு ஆகிவிடுவாள். எங்கள் குழுவுக்கு மன்னிதான் மேனேஜர்; நாங்கள் விற்பதிலெல்லாம் அவளுக்குக் கமிஷன் உண்டு. பத்தாவதோடு படிப்பை நிறுத்திச் சமையல்கட்டுக்குள் வந்தவள் நான். என் பெயருக்குக் கீழே மேனேஜர் என்று எழுதி எழுதிப் பார்ப்பேன். மன்னியிடம் கேட்கும்போதெல்லாம் ஒரே பதில்தான். "இப்போ வேண்டாம், கேட்டியா. அவசரப்பட்டா ஆள் நிக்காது. நேரம் வரச்சே நானே சொல்றேன்." விவரம் தெரிந்தவள் சொல்கிறாள் என்று தலையை ஆட்டினேன்.

நான் செய்த அசட்டுத்தனம் ஒன்று உண்டு. கம்பெனிக் கடிதங்கள் வாசலில் வந்து விழுவது என் மாமியாருக்குப் பிடிக்காது. அதனால் என் விலாசமாக மன்னி வீட்டைக் கொடுத்திருந்தேன்.

கிழக்கேகோட்டைப் பக்கம் ஒரு ஹாலில் வருஷக் கூட்டம் நடந்தது. கம்பெனி அதிகாரியம்மாள் என்னைத் தனியே அழைத்து, மாமியாருக்கு இப்போது எப்படி இருக்கிறது என்று மலையாளத்தில் கனிவாக விசாரித்தாள். அன்று காலைதான் மாமியார் எனக்கு முன்னால் எழுந்து தோசைக்கு அரைத்து வைத்திருந்தாள். ஒன்றும் புரியாமல் விழித்தேன். இரண்டு முறை மேனேஜராக அழைத்தும், மாமியார் படுத்த படுக்கை என்று காரணம் சொல்லி நான் மறுத்து எழுதினேனாம். காகிதத்தையும் எடுத்துக் காட்டினாள். பெயர் என்னுடையது. எழுத்து, எனக்குச் சமையல் குறிப்பெல்லாம் எழுதித் தந்த மன்னியின் சாய்ந்த எழுத்து. மூன்றாம் முறை அழைக்கும் வழக்கம் கம்பெனிக்கு இல்லையாம்.

பஸ்ஸில் இருவரும் ஒரே சீட்டில்தான் திரும்பினோம். கரமனையில் இறங்கிய பிறகே கேட்டேன். அவள் மறுக்கவில்லை.

"நீ போனா அந்தப் பதினோரு பேரும் உன் பின்னாடி போயிடுவா. எனக்குப் பின்னே ஆரு இருக்கா?"

வேற்றாள் செய்திருந்தால் நன்றாக ஏசிவிட்டு மறந்திருப்பேன். என் முதுகைத் தட்டிக்கொடுத்த கையாலேயே எழுதியிருக்கிறாள். எனக்கு அது இன்றும் ஆறவில்லை. அந்த வாரமே கம்பெனியைவிட்டு நின்றேன். கல்யாணம் கார்த்திகைக்கு மட்டும் போக்குவரத்து வைத்துக்கொண்டேன்.

போன மாதம் அவள் வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. புது மருமகளுக்குப் பழைய கதை காட்டுகிறேன் என்று அதே பச்சை மூடி டப்பாவில் தண்ணீர் பிடித்து வந்தாள் மன்னி. "வா, முன்னே மாதிரி இங்கே வந்து உக்காரு" என்றாள். மூடி இன்னும் இறுக்கமாகத்தான் இருந்தது. நான் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டேன்.