மேற்குச் சுவர்

எதிர்வீட்டுக் கொத்தனார் வீட்டோடு மாப்பிள்ளை. தெருவில் பாதி வீடுகளைக் கட்டியவர், மாமனார் வீட்டில் ஓர் ஆணி அடிக்கவும் அனுமதி கேட்க வேண்டும். சென்ற ஆண்டு ஒருவழியாக அடுத்த தெருவில் இரண்டு அறைகளை வாடகைக்குப் பேசி முடித்தார்.

"மேற்குச் சுவர்ல செங்கல் சந்தெல்லாம் உதிருது மாப்ளே. அதை மட்டும் அடைச்சுட்டுக் கிளம்புங்க," என்றார் மாமனார்.

"போன தடவை கிளம்பறப்போ கூரைன்னாரு. அப்பாவுக்கு வீடு விழறதைவிட நாம போறதுதான் பயம்," என்றாள் மனைவி.

கொத்தனார் சாரம் கட்டி ஏறினார். உதிரும் சுண்ணாம்பைச் சுரண்டும்போது உளி பிடிவரை உள்ளே போயிற்று. ஒரு செங்கல் கையோடு வந்தது. உள்ளே எல்லாம் மண்ணாகியிருந்தது. அந்தச் சுவரை ஒட்டித்தான் மாமியாரின் கட்டில் கிடந்தது. மேலாகக் கலவை பூசிவிட்டால் யாருக்கும் தெரியாது. கரண்டியில் எடுத்த கலவை இறுகும்வரை நின்றார். பிறகு செங்கல்லைச் செருகிவிட்டு இறங்கினார்.

"முழுசா பிரிச்சுக் கட்டணும் மாமா. மத்த சுவரும் இப்படித்தான் இருக்கும்."

மனைவியிடம் திரும்பி, "அந்த ரெண்டு ரூமையும் வேற யாருக்காவது விடச் சொல்லிடு," என்றார்.

அவள் உள்ளே போனாள்.

"அவசரமே இல்ல மாப்ளே, மெதுவா பண்ணுங்க," என்றார் மாமனார்.