சோப்பிங் போட்ட பேனா

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்கு என் கணவர் சமையலறைக்கு வந்து பால் காய்ச்சும் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போனார். எதற்கென்று சொல்லவில்லை.

மகள் கடைவீதிக்குப் போயிருந்தாள். அவள் மேசைமேல் இருந்த கருப்புப் பேனா அவளுடையதல்ல. கோயம்புத்தூரில் பழைய பேனாக்கள் சேகரிக்கும் பல் டாக்டரம்மா ஒருவர், படம் எடுத்துக் குறிப்பு எழுதித் தரச் சொல்லி நம்பிக் கொடுத்தது. வேலை பிடித்திருந்தால் மற்ற பேனாக்களையும் தருவதாகச் சொல்லி, அன்று மதியம் வருவதாக இருந்தார். கல்லூரியைப் பாதியில் விட்டுவிட்டு மாதக்கணக்கில் அறைக்குள்ளேயே கிடந்தவள், இந்தப் பேனா வந்த பிறகுதான் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்திருந்தாள்.

சாப்பிடும்போதும் பேனாப் பேச்சுதான். அந்தக் காலத்துப் பேனாவில் கழுத்தைத் திருகி எடுத்துவிட்டு, சொட்டுக்குழாயால் உடம்புக்குள் நேராக மை ஊற்ற வேண்டும். உள்ளே ரப்பர் பையும், அதை அமுக்க வெளியே ஒரு நெம்புகோலும் பிறகுதான் வந்தன. உடம்பு எபனைட், அதாவது கந்தகம் சேர்த்துச் சுட்டுக் கெட்டியாக்கிய ரப்பர். மை அதை அரிக்காது. கை வழுக்காமலிருக்க மேலே அலையலையாகக் கோடு இழைத்திருப்பார்கள். இதெல்லாம் எனக்கே மனப்பாடம். பக்கத்தில் ரசம் ஊற்றிக்கொண்டிருந்த மனிதருக்கு, எபனைட் வெந்நீர் தாங்காது என்ற ஒரு வரி மட்டும் காதில் விழவில்லை.

அவர் வீரபாண்டியில் சாயப்பட்டறை மாஸ்டர். துணியில் ஒட்டாமல் நிற்கும் மிச்சச் சாயத்தைச் சோப்புத் தண்ணீரில் கொதிக்கவிட்டு எடுப்பார்கள். சோப்பிங் என்று பெயர். பேனாவுக்குள் மை காய்ந்திருப்பதைப் பார்த்தவர், பெண்ணுக்கு உதவுவதாக நினைத்து, மூடியைக் கழற்றி வைத்துவிட்டுப் பேனாவுக்கும் சோப்பிங் போட்டுவிட்டார்.

நான் போய்ப் பார்த்தபோது அது சாணி நிறத்தில் கிடந்தது. அறையெல்லாம் கந்தக நாற்றம்.

“ஏனுங்க, என்ன பண்ணி வெச்சிருக்கீங்க?”

பேனாவையும் மூடியையும் வாசல் வெளிச்சத்தில் சேர்த்துப் பிடித்துப் பார்த்தார். “ஷேடு கொஞ்சம் டல்லடிக்குது. வேற லாட்டுல முக்கின துணி மாதிரி இருக்குது, அவ்வளவுதான்.”

“மத்தியானம் வர்றவங்ககிட்ட இதையே சொல்லுங்க.”

“கருப்புத்தானே? பட்டறைக்கு எடுத்துட்டுப் போய் ஒரு முக்கு முக்கினா...”

“அதைத் தொட்டீங்கன்னா உங்களை முக்கிப் போடுவேன்.”

மகள் வந்தாள், பார்த்தாள். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அந்தச் சத்தத்தை மாதக்கணக்கில் கேட்டவள் நான். சாப்பிடக் கூப்பிட்டும் கதவைத் திறக்கவில்லை. அவரோ கதவுக்கு வெளியே நின்று, “எண்ணெய் தேய்ச்சா கருப்பு வந்துருமா கண்ணு?” என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

மூன்று மணி சுமாருக்கு வாசலில் கார் நின்றது. நான் கூப்பிடுவதற்குள் மகளே வெளியே வந்து, டாக்டரம்மா கையில் பேனாவைக் கொடுத்தாள்.

“வெந்நீர்ல விழுந்துருச்சுங்க. நான் பூட்டி வெச்சிருக்கணுங்க.”

“விழலைங்க,” என்று இவர் முன்னால் வந்தார். “சோப்பிங் போட்டேனுங்க.”

டாக்டரம்மா பேனாவைச் சொத்தைப் பல்லைப் பார்ப்பது போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகர்ந்தார். இவரையும் ஏற இறங்க ஒருமுறை பார்த்தார். பிறகு மகளிடம் சொன்னார்:

“மத்த பேனாவெல்லாம் கார்ல இருக்குது கண்ணு. ஆனா இந்த ஊட்டுக்குள்ள இனி ஒண்ணும் வராது. நாளையிலிருந்து நீ பஸ் ஏறிக் கோயம்புத்தூர் வந்து, நம்மூட்டுலயே உக்காந்து வேலை பாரு. அப்பாவை மட்டும் கூட்டிட்டு வந்துராதே.”