பாலம் தாண்டி ஒரு எக்ஸ்ரே

விசாத் தொழிலும் கல்யாணத் தரகும் ஒன்றுதான்: கூடி வந்தால் அவர்கள் அதிர்ஷ்டம், கூடாவிட்டால் தரகன் சரியில்லை.

சிட்னியின் ஹோம்புஷில், ஒரு தோசைக் கடையின் மாடியில் இருக்கிறது எங்கள் அலுவலகம். முதலாளி ராஜி அன்ரி. பதிவுபெற்ற குடிவரவு முகவர், யாழ்ப்பாணத்துக்காரர். நான் திண்டுக்கல்காரன், அவருடைய உதவியாளன். பேப்பர் அடுக்குவது, போன் எடுப்பது, பதற்றத்தில் வருகிறவர்களுக்குக் கீழேயிருந்து காப்பி வாங்கி வருவது என் வேலை. இந்த நாட்டுக்கு நான் வந்ததே நர்ஸாக இருக்கும் என் மனைவியின் விசாவில்தான். விண்ணப்பத்தில் அவள் முதல் ஆள், நான் இரண்டாம் ஆள். வீட்டிலும் அந்த வரிசை இன்றுவரை மாறவில்லை.

விசாவுக்குக் காத்திருந்த எல்லாரும் எனக்குச் சொந்தக்காரர்கள். நீங்களும் பல் தேய்க்கும் முன் இமெயிலைத் திறந்து பார்த்திருப்பீர்கள். கடன் அட்டைக் கம்பெனி அனுப்பிய கடிதத்தைக் கண்டு, விசாதான் வந்துவிட்டதோ என்று துள்ளி எழுந்திருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன், சமையலை மாற்றவில்லை.

ராகு எந்த ஊர் நேரத்தில் வருகிறார்?

செவன் ஹில்ஸிலிருந்து ஒரு அங்கிள் வந்தார். மச்சாளை ஊரிலிருந்து மூன்று மாதம் வரவழைக்க வேண்டும். எல்லாக் கேள்விக்கும் பதில் எழுதி முடித்து, அனுப்புகிற பொத்தானில் விரலை வைத்தேன். "பொறும் தம்பி, ராகு காலம் போகட்டும்" என்றார். பொறுத்தோம். பொறுத்தது போதும் என்று இணையதளம் எங்களை வெளியே தள்ளிவிட்டது. மறுபடி உள்ளே போய்ப் பொத்தானைக் கண்டுபிடிப்பதற்குள் அவர் போனை நீட்டினார். இப்போது எமகண்டம்.

அவர் போனில் இருந்தது யாழ்ப்பாணத்துக் காலண்டர். "அங்கிள், இது ஊர் நேரம். சிட்னிக்கு வேற கணக்கு. அதுலயும் இங்க கோடையில கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளிட்டாங்க. அது ராகுவுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன். கிண்டலாகத்தான் கேட்டேன். அவர் கண்ணை மூடி யோசித்துவிட்டு, நிதானமாகச் சொன்னார்: "விசா குடுக்கிறது கன்பராவிலதானே தம்பி. அவைக்கு எப்ப நல்ல நேரம் எண்டு பாத்துச் சொல்லும்."

அறுநூறு படங்கள்

சுகந்தியும் தயாவும் வந்தது அதற்கு அடுத்த வாரம். தயா இங்கே குடியுரிமை பெற்றவன். சுகந்தி வவுனியாவிலிருந்து மெல்பனுக்குப் படிக்க வந்தவள். சொந்தக்காரர் வீட்டில் பார்த்து, பேசி, பெரியவர்கள் கூடிக் கல்யாணத்தை முடித்து வைத்திருந்தார்கள். இங்கே சிட்னியில், கிரவீனில் இருக்கும் சுகந்தியின் சித்தி எங்களிடம் அனுப்பினார்.

விஷயம் இதுதான். இது உண்மையான கல்யாணம் என்று விசா அதிகாரி நம்பினால், சுகந்திக்கு நிரந்தர விசா. நம்பாவிட்டால் அவள் வவுனியாவுக்குத் திரும்ப வேண்டும், தயா இங்கே தனியாக இருக்க வேண்டும். அதற்கு நடுவில் வேறு வழியில்லை. ஆகவே படம் கேட்டோம். அறுநூறு படங்கள் கொண்டுவந்தார்கள். ஒவ்வொன்றிலும் குறைந்தது இருபது பேர். நடுவில் மாப்பிள்ளையும் பெண்ணும், ஆளுக்கொரு பாஸ்போர்ட் படத்துக்கு நிற்கிறவர்கள்போல நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "ரெண்டு பேர் மட்டும், சும்மா சிரிச்சுப் பேசுற மாதிரி ஒண்ணுகூட இல்லையா?" என்று கேட்டேன். தயா தரையைப் பார்த்தான். சுகந்திதான் பதில் சொன்னாள்: "மூத்த ஆக்களுக்கு முன்னால எப்பிடியண்ணா சிரிக்கிறது? கலியாணம் முடிய ஆறுதலாச் சிரிப்பம் எண்டு இருந்தனாங்கள்."

அண்ணன் வீட்டு விலாசம்

சரி, படம் போகட்டும், ஒரே வீட்டில் இருப்பதற்கு ஆதாரம் கொடுங்கள் என்றோம். அங்கேதான் பிடித்தது சனி. தயாவுக்கு வொடோங்காவில், ஒரு குளிர்பதனக் கிடங்கில் வேலை கிடைத்து, இருவரும் அங்கே வாடகை வீட்டுக்குப் போய்விட்டார்கள். ஆனால் ஓட்டுநர் உரிமம், வங்கிக் கணக்கு, போன் பில் எல்லாம் மெல்பனில், டண்டினோங்கில் இருக்கும் தயாவின் அண்ணன் வீட்டு விலாசத்திலேயே இருந்தன.

இதைப் படிக்கும் உங்களில் பாதிப் பேர் இப்போது தலையைச் சொறிவீர்கள். நம்மவர்கள் வழக்கம் அது. வாடகை வீடு மாறிக்கொண்டே இருக்கும், கடிதம் தொலைந்துவிடும். அதனால் குடும்பத்தில் முதலில் வீடு வாங்கியவர் விலாசமே எல்லாருக்கும் விலாசம். நானும் துங்காபியில் இருக்கும் சகலை வீட்டு விலாசத்தில் நான்கு வருடம் ஓட்டியவன்தான், அதனால் வாயைத் திறக்கவில்லை. அன்ரி திறந்தார். மூக்குக் கண்ணாடிக்கு மேலாகத் தயாவைப் பார்த்துக் கேட்டார்: "அந்த வீட்டில அறை மூண்டு. காயிதத்தில பதினொரு பேர் இருக்கிறியள். அதுக்குள்ள ஆர் புருசன் ஆர் பெண்சாதி எண்டு விசாக்காரன் எப்பிடியடா கண்டுபிடிக்கிறது?"

தரை எல்லை இல்லாத நாடு

"கெதியா மாத்துறம் அன்ரி" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மாற்றுவதற்குள் கொரோனா வந்துவிட்டது. அதே நேரத்தில் குடிவரவுத் துறையிலிருந்து கடிதமும் வந்தது: சுகந்தி விசாவுக்கான மருத்துவப் பரிசோதனையை வெள்ளிக்கிழமைக்குள் முடிக்க வேண்டும். கடவுள் வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்களே, அப்படி ஆனது. அவளுக்கு நேரம் கிடைத்த கிளினிக் ஆல்பரியில் இருந்தது. வொடோங்காவுக்கும் ஆல்பரிக்கும் நடுவே ஓர் ஆறுதான். ஆனால் வொடோங்கா விக்டோரியா மாநிலம், ஆல்பரி நியூ சவுத் வேல்ஸ். அதுவரை யாரும் அதை நினைத்துப் பார்த்ததுகூட இல்லை. காலையில் அந்தக் கரையில் ரொட்டி வாங்கி, இந்தக் கரையில் தின்றுகொண்டிருந்தார்கள். சுற்றிலும் கடல் உள்ள நாட்டில் தரை எல்லை ஏது என்று நானும் இருந்துவிட்டேன்.

இப்போது பாலத்தில் போலீஸ். எல்லையூர்க்காரர்கள் அனுமதிச் சீட்டோடு வரலாம், நோய் பரவியிருந்த மெல்பனிலிருந்து யாரும் வரக் கூடாது. கார் வரிசையோ நகரவே இல்லை. தயா காரை வேலைக்கு எடுத்துப் போய்விடுவான். ஆகவே சுகந்தி நடந்து வர வேண்டும். அதற்கும் மேலே ஒரு சிக்கல். அவள் எங்கள் மூலமாகப் புதுப்பித்த பாஸ்போர்ட் சிட்னியில், எங்கள் அலுவலகத்தில் இருந்தது. கிளினிக்கில் அசல்தான் கேட்பார்கள், அந்தச் சமயத்தில் தபாலை நம்ப முடியவில்லை. "நீர் கொண்டு போம்" என்றார் அன்ரி. நியூ சவுத் வேல்ஸுக்குள் பயணம் போகத் தடையில்லை. வீட்டில் விஷயத்தைச் சொல்லிப் பை எடுத்தேன். என் மனைவி தயிர்சாதத்தைக் கட்டிக் கையில் கொடுத்துவிட்டு, வாசலில் நின்று சொன்னாள்: "பட்டாளத்துக்குப் போற வயசுல போகல, இப்பப் போறாரு பார்டருக்கு!"

வரிசையில் பின்னால் நின்றவர்

பாலம் முடியும் இடத்தில், தடுப்புக்கு இந்தப் பக்கம் நான் பாஸ்போர்ட்டோடு நின்றேன். அந்தப் பக்கம் நடந்து வருகிறவர்கள் வரிசை. சுகந்தி நீலக் குளிர்கோட்டில், முகக்கவசத்தோடு, என்னைப் பார்த்துக் கையை அசைத்தாள். என்னோடு பேசிக்கொண்டிருந்த போனை வைக்காமல் காதோரம் பிடித்திருந்தாள், அங்கே பேசுவதெல்லாம் எனக்குக் கேட்டது. போலீஸ்காரர் அனுமதிச் சீட்டைப் பார்த்தார். பிறகு உரிமத்தைக் கேட்டார். அதில் டண்டினோங். "மெல்பன் விலாசம். மன்னிக்கணும், திரும்பிப் போங்கள்" என்றார். அவள் வொடோங்காவில் இருப்பதற்கு வேறு என்ன ஆதாரம்? வாடகை ஒப்பந்தம் தயாவின் போனில், தயாவின் போன் கிடங்கு லாக்கரில். அவளுக்கு அப்போது வேலையும் கிடைத்திருக்கவில்லை, அதனால் வேலையிடத்து அடையாள அட்டைகூட இல்லை. நான் தடுப்பருகே போய் வாயைத் திறந்தேன். இன்னொரு போலீஸ்காரர் தள்ளி நிற்கச் சொன்னார். தள்ளி நின்றேன். அப்பாயின்ட்மென்டுக்கு அதிக நேரம் இல்லை.

அப்போது வரிசையில் பின்னாலிருந்து ஒரு வெள்ளைக்காரக் கிழவர் சத்தம் போட்டார், என்ன தாமதம் என்று. சுகந்தி திரும்பிப் பார்த்தாள். போனில் அவள் குரல் அழுகைக்கு வந்துவிட்டது. "அண்ணா, இது எங்கட பக்கத்து வீட்டு கெவின். கருவாடு பொரிச்சதுக்கு வேலிக்கு மேலால நிண்டு ஏசின மனுசன். இண்டைக்கு எல்லாம் முடிஞ்சுது." கெவின் தடுப்புவரை வந்துவிட்டார். போலீஸ்காரர் விளக்கினார், இந்தப் பெண் மெல்பன், அதனால்தான் என்று. கெவின் தன் தொப்பியைக் கழற்றினார். அவர் ஆங்கிலத்தில் கத்தியதைத் தமிழில் அப்படியே தருகிறேன்: "மெல்பனா? நல்ல கதை! அப்படியானால் பிப்ரவரியிலிருந்து என் பக்கத்து வீட்டில் செத்த மீனைப் பொரித்து என் உயிரை வாங்குவது யார்?"

எது தொலையலாம், எது தொலையக் கூடாது

போலீஸ்காரர் கெவினிடம் தெருப் பெயரும் பக்கத்து வீட்டு எண்ணும் கேட்டார், சுகந்தியைத் தள்ளி நிறுத்தி அவளிடமும் அதையே கேட்டார். இரண்டும் பொருந்தின. முகக்கவசத்துக்குள் அவர் சிரித்தது எனக்குத் தெரிந்தது. விட்டுவிட்டார். அதற்குள் என் போனில் இன்னொரு அழைப்பு. ராஜி அன்ரி, "வலது காலை வைச்சு வரச் சொல்லும்!" என்று சிட்னியிலிருந்து கத்தினார். சொல்வதற்குள் அவள் ஓடியே வந்துவிட்டாள், எந்தக் கால் என்று யார் பார்த்தார்கள்?

கிளினிக்குக்குள் ஒருவருக்குத்தான் அனுமதி, பாஸ்போர்ட்டைக் கையில் கொடுத்து அவளை அனுப்பினேன். நான் கார் நிறுத்துமிடத்தில் தயிர்சாதத்தைப் பிரித்தேன். ஒரு வாய் வைப்பதற்குள் சுகந்தி வெளியே வந்தாள். எக்ஸ்ரேக்கு நகை எல்லாம் கழற்ற வேண்டுமாம், உள்ளே இருக்கிற லாக்கரை அவள் நம்பவில்லை. கழுத்து வெறுமையாக இருக்கக் கூடாதென்று ஒரு மஞ்சள் கயிற்றைக் கட்டியிருந்தாள், அதை வீட்டிலிருந்தே கொண்டுவந்திருக்கிறாள். தடித்த தாலிக்கொடியைக் கைக்குட்டையில் சுற்றி என்னிடம் நீட்டினாள். அடுத்தவன் பெண்டாட்டியின் தாலியைக் கையில் வைத்துக்கொண்டு ஆல்பரியில் உட்கார்ந்திருந்தால் என் மனைவி என்ன சொல்வாள்? "அம்மா, முதல்ல பாஸ்போர்ட், இப்பத் தாலி, எல்லாத்தையும் ஒரே ஆள்கிட்ட நம்பிக் கொடுத்துட்டு..." என்று இழுத்தேன். அவள் திரும்பி நடந்துகொண்டே சொன்னாள்: "கொடியைக் கவனமா வைச்சிருங்கோ அண்ணா. பாஸ்போர்ட் துலைஞ்சா வேறை எடுக்கலாம்."

கெவினின் சாட்சி

அந்த வாரமே உரிமம், வங்கி, பில் எல்லாம் வொடோங்கா விலாசத்துக்கு மாறின. ஆனாலும் கோப்பு மெலிந்துதான் இருந்தது. இந்தத் தம்பதியை நேரில் தெரிந்த ஆஸ்திரேலியர் ஒருவர் சாட்சி எழுதித் தந்தால் நல்லது என்றார் அன்ரி. அண்ணன் எழுதினால் சொந்தக்காரர் என்பார்கள். "வேறை ஒருத்தரையும் தெரியாது அன்ரி, அந்தக் கெவினைத் தவிர" என்றாள் சுகந்தி. "அவர்தான் வேணும்" என்றார் அன்ரி.

கேட்கப் பயந்து, பயந்து, ஒரு தட்டில் உளுந்து வடை கொண்டுபோனாளாம். கருவாடு இல்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டாளாம். கெவின் நின்றுகொண்டே நான்கு வடை தின்றுவிட்டு, மேசையில் உட்கார்ந்து தன் கையால் எழுதிக்கொடுத்தார். கல்யாண ஆல்பம் சொல்லாததை அவர் சொல்லியிருந்தார். அந்தத் தாளை அன்ரி எனக்கு வாசித்துக் காட்டினார். கடைசி வரி இது: "காலையில் குப்பைத் தொட்டியை யார் வெளியே வைப்பது என்று சண்டை போடுகிறார்கள், மாலையில் கொல்லைப்புறத்தில் உட்கார்ந்து சிரிக்கிறார்கள், இது கல்யாணம் இல்லையென்றால் நான் நாற்பது வருடம் செய்ததும் கல்யாணம் இல்லை."

வேலை நேரம்

பிறகு மாதங்கள் போயின. பாலத்துத் தடுப்பை எடுத்துவிட்டார்கள். சுகந்திக்கு ஒரு முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்தது. வாரம் ஒரு முறை எனக்கு போன் செய்து, "ஏதும் வந்ததோ அண்ணா?" என்பாள். "இல்லம்மா" என்பேன். "சரி, பறவாயில்லை" என்று அவள்தான் எனக்கு ஆறுதல் சொல்வாள். ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் இமெயில் வந்தது. அன்ரி ஒரு முறை வாசித்தார், கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி வாசித்தார். "நீரே சொல்லும், எனக்குக் குரல் வராது" என்று போனை என் பக்கம் தள்ளினார்.

எடுத்ததும் பின்னால் தட்டுகள் மோதும் சத்தமும், யாரோ ஒரு பாட்டி ஆங்கிலத்தில் தேநீர் கேட்பதும் கேட்டன. "சுகந்தி, நிரந்தர விசா வந்துடுச்சும்மா. இனி உன்னை யாரும் போகச் சொல்ல முடியாது" என்றேன். அவள் அந்தப் பாட்டிக்குத் தேநீர் ஊற்றிக் கொடுப்பது கேட்டது. பிறகு மிக மெதுவாக, மிக ஒழுங்காக அவள் சொன்னாள்: "அண்ணா, நான் இப்ப வேலையில நிக்கிறன், ஆக்களுக்கு முன்னால அழ ஏலாது. அஞ்சு மணிக்கு முடியும், அப்ப எடுங்கோ, அழுறன்."

விசாத் தொழிலில் அழுவதற்குக்கூட அப்பாயின்ட்மென்ட் வேண்டும், ஆனால் அந்த ஐந்து மணியை மட்டும் அன்ரி, சுகந்தி, நான் மூன்று பேரும் தவற விடவில்லை.