வால் முளைத்த பச்சைப் புள்ளி

அக்கா வைக்கும் பச்சைப் புள்ளிக்கு வால் இருக்கும். டிப்ளமோ முடித்த கையோடு, ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் நான் பயிற்சிக்குச் சேர்ந்தபோது, அளந்து தேறிய பாகத்தின் மேல் பெயிண்ட் பேனாவால் பச்சைப் புள்ளி வைப்பது அவர் வேலை. வல்லக்கோட்டைக்காரர்; உற்பத்தி லைனில் எல்லோருக்கும் அக்கா. அவருக்குக் கை நடுங்கும். அளக்கும்போது கையை மேசை விளிம்பில் அழுத்திக்கொள்வார், நடுக்கம் அடங்கும். புள்ளி வைக்கக் கையைத் தூக்க வேண்டுமே, அப்போது பேனா இழுத்துவிடும். தலைப்பிரட்டை போல ஒரு வால். அந்த வாலைப் பார்த்தே அது அக்கா பார்த்த பீஸ் என்று லைனில் எல்லோருக்கும் தெரியும்.

எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். திருத்திச் சொல்ல வீட்டில் ஆள் இல்லாததாலோ என்னவோ, தப்பென்றாலே எனக்கு உடம்பு பதறும். சேர்ந்த மாதமே ஒரு ட்ரே முழுக்க நல்ல பாகங்களுக்கு, தேறாதவற்றுக்கான சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டிவிட்டேன். கேஜ் என்கிற அளவுகருவியைப் பூஜ்யத்தில் சரிபார்க்காமலே அளந்திருந்தேன். அக்கா ஒன்றை எடுத்து மறுபடி அளந்துவிட்டு, லைனே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார். "பீஸு நல்லாத்தான் கீது தம்பி. கேஜ பாத்தியா?" அன்றிலிருந்து என் பெயர் ரிஜெக்ட். கேன்டீனில் சாம்பார் வாளியை என் பக்கம் தள்ளும்போதுகூட, "இன்னா ரிஜெக்டு, இதுவாவது பாஸா?" என்பார்.

நடுக்கம் ஏறிக்கொண்டே போனது. வால் நீண்டு பாகத்தின் எண்ணை மறைக்கிறது என்று அவரைப் பேக்கிங்குக்கு மாற்றினார்கள். சோற்றை வாய்க்குக் கொண்டுபோவதே பெரும்பாடாயிற்று. அதற்குள் நான் தண்டலம் பக்கம் ஒரு கல்லூரியில் பகுதிநேரமாகப் படித்து, படப்பையில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் சேர்ந்திருந்தேன். மண்டையைத் திறக்காமலே, பல திசைகளிலிருந்து ஒலி அலைகளை மூளைக்குள் ஒரே இடத்தில் குவித்து, நடுக்கத்துக்குக் காரணமான அரிசி மணி அளவு இடத்தை மட்டும் சுடும் சிகிச்சை ஒன்று உண்டு. மண்டையோடு ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு விதம். ஒலியைத் திருப்பும், தாமதப்படுத்தும், சில ஓடுகள் விழுங்கியே விடும். ஸ்கேன் படத்தைக் கொண்டு அந்த ஓட்டைக் கணினிக்குள் கட்டி, ஒலியை அதில் செலுத்தி, போதிய சூடு உள்ளே சேருமா என்று முன்கூட்டியே சொல்வது எங்கள் வேலை. அக்காவை மருத்துவரிடம் போகச் சொன்னவன் நான்தான். அவர் ஸ்கேன் என் மேசைக்கே வந்தது. சூடு சேராது என்றது கணக்கு. இரண்டு முறை ஓட்டினேன். அதேதான். முடிவை மருத்துவருக்கு அனுப்பிவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து அக்காவின் போன் வந்தது. மருத்துவர் சொல்லியிருக்கிறார். "இன்னா ரிஜெக்டு, என் மண்டையையும் ரிஜெக்ட் பண்ட்டியாமே?" உடனே சிரித்துக்கொண்டு கேட்டார்: "கேஜ பாத்தியா?"

விளையாட்டுக்குத்தான் கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு முறை ஓட்டியவன், உள்ளே போட்ட படம் எது என்று ஒருமுறையும் பார்க்கவில்லை. திறந்தேன். ஒரே ஸ்கேனை இரண்டு விதமாகத் தயாரித்து அனுப்பியிருந்தார்கள். ஒன்று, எங்கள் கணக்குக்கென்று நாங்கள் கேட்டு வாங்குவது. மற்றது, காதின் நுண்ணிய எலும்புகளைப் பார்ப்பதற்காக விளிம்புகளைக் கூர்மையாக்கியது. அதில் ஓட்டின் நடுப்பகுதி உள்ளதைவிடப் பஞ்சாக, ஒலியை விழுங்கும் ஓடு போலத் தெரியும். நான் போட்டிருந்தது அதைத்தான். யாரிடமும் சொல்லாமல் திருத்திவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. பிறகு மேலாளரிடம் போய்ச் சொன்னேன். அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சரியான படத்தை ஓட்டினேன். சூடு சேர்ந்தது. தப்பு என்னுடையதாக இருந்ததற்கு நான் சந்தோஷப்பட்டது அந்த ஒரு நாள்தான்.

திருத்திய கணக்கை மருத்துவர் தாமும் சரிபார்த்துவிட்டுத் தேதி கொடுத்தார். சிகிச்சைக்குத் தலையை மழிக்க வேண்டும். "வல்லக்கோட்டை முருகனுக்குன்னே வச்சிக்கினேன், ஒரே மொட்டை ரெண்டு வேலை" என்றார் அக்கா. மயக்க மருந்து கிடையாது. ஒவ்வொரு முறை சூடு ஏற்றிய பிறகும் பேனா கொடுத்துச் சுருள் வரையச் சொன்னார்களாம். "மொதல்ல முள்ளுக்கம்பியாட்டம் வந்துச்சுடா. கடேசில போட்டேன் பாரு, கொசுவத்தி!"

சிகிச்சை வலது கைக்கு மட்டும்தான்; இடது கை இன்னும் நடுங்குகிறது. வலது கை போதும் என்கிறார். அவரை மறுபடி பழைய இடத்துக்கே எடுத்துக்கொண்டார்கள். போன வாரம் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். பையிலிருந்து பச்சைப் பேனாவை எடுத்தார். என் கையை இழுத்து, புறங்கையில் ஒரு புள்ளி வைத்தார். "பாஸு" என்றார். திரும்பும்போது ஷேர் ஆட்டோவில் வழியெல்லாம் அதையே பார்த்துக்கொண்டு வந்தேன். கடுகு போல உருண்டையாக இருந்தது. வால் இல்லை.