வால்பர்காவுக்கு வந்த பார்சல்

போர் முடிந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர்ப் பாதிரியார், "ஜெர்மானியராகிய நாம் எல்லோருமே குற்றவாளிகள்" என்று பிரசங்கித்தார். எங்கள் கட்டடத்தில் என் எதிர்வீட்டில் இருந்த தையல்காரி அகாத்தே விம்மி அழுதாள். வெளியே வந்தபோது முகம் தெளிந்திருந்தது.

"மனசு லேசாயிடுச்சு. ஊரே சேந்து சுமந்தா நம்ம பங்கு எவ்வளவு வந்துடப் போகுது?" என்றாள் என்னிடம்.

அதே வாரம் மேல்மாடி வால்பர்காவுக்கு அமெரிக்காவிலிருந்து பார்சல் வந்தது. அனுப்பியவள் லிண்டாவர் அம்மாள். எங்கள் கட்டடத்திலிருந்து லாரியில் ஏற்றிப்போன யூதக் குடும்பத்தில் உயிரோடு மிஞ்சியவள் அவள் மட்டுமே. 'அந்தக் குளிர்காலத்தில் எங்கள் வாசலில் பால் வைத்தது நீங்கள் ஒருத்திதான்' என்று எழுதியிருந்தாள்.

பார்சலில் வந்த காபி கட்டடம் முழுக்க மணத்தது. அகாத்தேவுக்கு வயிறு எரிந்தது.

"ஒரு சொம்புப் பாலுக்கு இவ்வளவு பவிசா! எங்கிட்ட மட்டும் பால் இல்லாமலா இருந்துச்சு?"

சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை அவள் காதிலேயே விழுந்தது போலும். சட்டென்று உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் மேலே ஏறிப் போனாள். என்னையும் துணைக்கு இழுத்துக்கொண்டாள்.

"எல்லாரும் பாவின்னு பாதிரியாரே சொல்லிட்டாரு. நீ மட்டும் என்ன தனிப்பிறவியா?"

"நான் அப்படிச் சொல்லலையே" என்றாள் வால்பர்கா, உருளைக்கிழங்கை உரித்துக்கொண்டே.

"லிண்டாவர் அம்மாளுக்குத் தையல் மிஷினைப் பத்தி எழுதிட்டியா?"

லிண்டாவர் வீட்டுச் சாமான்கள் ஏலத்துக்கு வந்தபோது அகாத்தே எடுத்த மிஷின் அது. அதை வைத்துத்தான் பிழைத்தாள்.

"இல்ல. அது நீ எழுத வேண்டியது."

அகாத்தே மூன்று வாரம் முறைத்துக்கொண்டு திரிந்தாள். பிறகு மிஷினைப் பற்றி அவளே எழுதினாள். வால்பர்காவுக்கு வந்தது மாதிரி தனக்கும் நாலு நல்ல வார்த்தை வரும் என்று ஆசைப்பட்டாள். அதை என்னிடம் மறைக்கவுமில்லை.

பதில் ஒற்றை வரி: 'மிஷினை ஸ்டுட்கார்ட்டில் இருக்கும் என் அக்கா மகளுக்கு அனுப்பிவிடுங்கள்.' கீழே விலாசம்.

கைவண்டியில் ஏற்றி ரயிலடிக்குத் தள்ளிக்கொண்டு போனோம். வழியெல்லாம் அவள் கண்ணில் நீர். மிஷினுக்காக மட்டும் அழவில்லை என்று எனக்குத் தெரியும்.

அதன்பின் கையால்தான் தைத்தாள். பிரசங்கத்தில் 'எல்லோருமே குற்றவாளிகள்' என்ற பேச்சு வந்தால் எழுந்து வெளியே போய்விடுவாள். வால்பர்காவிடம் சாகும்வரை முகம்கொடுத்துப் பேசவில்லை.

"நல்லவளா இருந்துட்டுப் போகட்டும்," என்பாள். "தினம் என் கண்ணு முன்னாடியே படி ஏறி இறங்கணுமா?"