ஏழு யூரோவும் எட்டில் செவ்வாயும்

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு வைகாசி மாதத்தில், இத்தாலியில் நாங்கள் வாழும் பலெர்மோ நகரத்தில் நடந்தது இது. இப்போது நினைத்தாலும் முதலில் கோபம்தான் வருகிறது, அதற்குப் பிறகுதான் வெட்கம். யார் மேல் கோபம் என்று கேட்டால் என்னிடம் ஒரு பட்டியலே இருக்கிறது. அதில் என்னை எத்தனையாவதாகப் போடலாம் என்று, கதையைக் கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

யாழ்ப்பாணத்தில் இருந்து நான் இங்கு வந்து இருபத்திரண்டு வருடம். காலையில் ஒரு வயதான இத்தாலிய அம்மாவின், சிஞ்ஞோராவின், வீட்டில் சமையலும் துப்புரவும். பின்னேரம் வீட்டுக்கு வந்தால் எனக்கு இன்னொரு உத்தியோகம் இருந்தது. எங்கள் வீட்டில் சாதகம் பார்க்கும் வழக்கம் இருந்ததால் கட்டங்கள் ஓரளவு தெரியும். ஊரில் கணினியும் படித்திருந்தேன். இந்த இரண்டும் தெரிந்த ஆள் நாங்கள் இருக்கும் சீசாப் பகுதியில் நான் ஒருத்திதான். பிள்ளைக்குக் குறிப்பு எழுத வேண்டும், கல்யாணத்துக்குப் பொருத்தம் பார்க்க வேண்டும் என்றால் எல்லோரும் லிஃப்ட் இல்லாத எங்கள் நாலாம் மாடிக்கு மூச்சு வாங்க ஏறி வருவார்கள்.

என் கெட்டித்தனம் என்று அவர்கள் நினைத்தது, உண்மையில் ஒரு மென்பொருளின் கெட்டித்தனம். யாரோ ஒரு தமிழர் செய்து இணையத்தில் இலவசமாக விட்டிருந்தார். பிறந்த நாள், நேரம், ஊர் மூன்றையும் கொடுத்தால் அரை நிமிடத்தில் சாதகம் வந்துவிடும். ஆனால் இலவசமாகக் கிடைத்ததில் இலங்கை ஊர்கள் மட்டும்தான் இருந்தன. வெளிநாட்டு ஊர்கள் வேண்டும் என்றால் ஏழு யூரோ கட்ட வேண்டும். அதைத் திறக்கும்போதெல்லாம் இந்த அறிவிப்பு வந்து நிற்கும். கீழே இரண்டு பொத்தான்கள் இருக்கும். ஒன்று ‘கட்டணம் செலுத்த’, மற்றது ‘பிறகு பார்க்கலாம்’. ஒன்பது வருடம் நான் பிறகு பார்க்கலாம் என்பதையே அமுக்கிக்கொண்டிருந்தேன்.

ஏழு யூரோ பெரிய காசா? இல்லை. ஆனால் எனக்கு வந்த ஆத்திரம் இருக்கிறதே! சூரியனும் சந்திரனும் இவருடைய சீதனக் காணியா, படலை போட்டுக் காசு வாங்க? கடையில் தேங்காய்க்குக் காசு கொடுத்தால் கையில் தேங்காய் இருக்கும், இதற்குக் கொடுத்தால் கையில் என்ன இருக்கும்? இப்படியெல்லாம் கத்துவேன். “உந்த ஏழு யூரோவைக் கட்டிப்போட்டுச் சத்தம் போடாமல் இருமன்” என்று என் கணவர் எத்தனையோ தரம் சொன்னார். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கிற வேலை இது என்றும் சொன்னார். நான் கேட்கவில்லை.

கேட்காததோடு நிற்காமல் ஒரு குறுக்கு வழியும் கண்டுபிடித்தேன். பலெர்மோவில் பிறந்த பிள்ளை என்றால், பிறந்த நேரத்தை இலங்கை நேரமாக மாற்றுவேன், ஊர் என்ற இடத்தில் யாழ்ப்பாணம் என்று போடுவேன். மென்பொருள் மறுபேச்சில்லாமல் சாதகம் தந்துவிடும். அந்த மனிதரை நான் வென்றுவிட்டதாக எனக்கு ஒரே புளுகம், ஒரே பெருமை.

இன்னொன்றும் சொல்லத்தான் வேண்டும். அச்சடித்து வரும் ஒவ்வொரு தாளின் அடியிலும் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். ‘இலவசப் பிரதி. இலங்கையில் பிறந்தவர்களுக்கு மட்டும் பொருந்தும்.’ மஞ்சள் பூசிக் கொடுக்கிற தாளில் இலவசம் என்று இருந்தால் மரியாதையாகவா இருக்கும்? அடிமட்டம் வைத்துக் கோடு கீறி, கத்தரிக்கோலால் அந்த வரியை வெட்டி எடுத்துவிடுவேன். வருகிறவர்கள் வங்காளிக் கடை வெற்றிலையில் பத்து யூரோ வைத்துத் தருவார்கள். அதை வேண்டாம் என்று ஒருநாளும் நான் சொன்னதில்லை.

இனித்தான் விஷயத்துக்கு வருகிறேன்.

நான் வேலை செய்யும் கட்டடத்திலேயே வேறொரு வீட்டில் வேலை செய்யும் தோழி ஒருத்தி எனக்கு இருந்தாள். கணவரை இழந்து, ஒரே மகளைத் தனியாக வளர்த்தவள். மகள் இங்கேயே பிறந்து வளர்ந்தவள். பக்கத்து ஊரான பகேரியாவில் ஒரு கண்ணாடிக் கடையில் வேலை. தினமும் ரயிலில் போய்வரும்போது, அங்கே ஒரு ஹோட்டலில் வேலை செய்யும் எங்கள் தமிழ்ப் பொடியன் ஒருவன் பழக்கமானான். இரண்டு பேருக்கும் பிடித்துப்போய்விட்டது. ஒளிக்காமல் தாய்மாரிடம் சொன்னார்கள். நகரத்தின் இன்னொரு பக்கம் ஒரேத்தோவில் இருந்த பொடியனின் அம்மா, “எங்களுக்கும் விருப்பம்தான், குறிப்பை மட்டும் ஒருக்கால் பாப்பம்” என்றார். குறிப்பு யார் எழுதுவது? வேறு யார்!

பெண்ணின் சாதகத்தில் எட்டாம் வீட்டில் செவ்வாய் வந்து நின்றது. இதை எங்கள் ஆட்கள் செவ்வாய்க் குற்றம் என்பார்கள். அதுவும் எட்டில் என்றால் கட்டுகிறவனின் உயிருக்கே ஆகாது என்று பயப்படுவார்கள். பொடியனின் சாதகத்தில் அப்படி எதுவும் இல்லை. மறைக்கலாமா என்றுகூட யோசித்தேன். ஆனால் பொய் சொல்லக்கூடாது பாருங்கள், நான் நேர்மையானவள் அல்லவா! அடியில் இருந்த வரியை அழகாக வெட்டிவிட்டு, தாளை இரண்டு வீட்டுக்கும் கொடுத்தேன்.

மூன்றாம் நாளே சம்பந்தம் முறிந்தது. வேண்டாம் என்று சொன்னதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. “தாயின்ரை கதை ஊருக்கே தெரியும், மகளும் அப்படித்தான் வருவாள்” என்று பொடியனின் அம்மா நாலு பேருக்கு முன்னால் சொன்னாராம். நோயில் செத்துப்போன ஒரு மனிதரின் சாவை, அவருடைய மனைவியின் தலையிலும் மகளின் தலையிலும் கட்டிவிட்ட அந்தப் பேச்சு! தோழி இரண்டு நாள் வேலைக்கு வரவில்லை.

அந்தக் கிழமை முடியும் முன்னே மகள் என்னைத் தேடி வந்தாள். அழவில்லை. சாதகத் தாளை மேசையில் வைத்தாள்.

“அன்ரி, எட்டாம் வீடு பத்தாம் வீடு எனக்கு ஒண்டும் விளங்காது. இந்தப் பேப்பர் என்னெண்டு வந்தது எண்டு மட்டும் காட்டுங்கோ.”

கணினியைப் போட்டுக் காட்டினேன். திரையில் ஊர் என்ற இடத்தில் அவள் விரல் நின்றது.

“நான் யாழ்ப்பாணத்திலை பிறக்கேல்லையே. இஞ்சைதானே பிறந்தனான்.”

நேரத்தை மாற்றிப் போட்டிருக்கிறேன், அதனால் எல்லாம் சரியாக வரும் என்று பெருமையாக விளக்கினேன்.

“நேரத்தை மாத்தினது சரி அன்ரி. ஆனா இஞ்சை சூரியன் வெளிக்கிடேக்கை, அங்கை வெயில் ஏறியெல்லோ இருக்கும்? இரண்டு இடத்திலையும் வானம் ஒண்டா?”

லக்கினம் என்பது பிறந்த இடத்தில் அந்த நேரம் கிழக்கில் உதிக்கும் ராசி. சாதகத்தின் முதல் வீடே அதுதான், மற்ற வீடுகளை அதிலிருந்துதான் எண்ண வேண்டும். இது எனக்குத் தெரியாததா? சட்டை போடத் தெரிந்த வயதிலேயே தெரியும். ஒரு மனிதரை ஏமாற்றுகிற உற்சாகத்தில் அது என் கண்ணில் படவே இல்லை.

மென்பொருளைத் திரும்பத் திறந்தபோது வழக்கமான அறிவிப்பு வந்தது. அவள் அதை வாசித்தாள், என்னைப் பார்த்தாள், பைக்குள் இருந்து தன் வங்கி அட்டையை எடுத்தாள். ஏழு யூரோவையும் அவளே கட்டினாள். ஊர்ப் பட்டியலில் பலெர்மோ வந்தது. லக்கினம் இரண்டு வீடு பின்னுக்குப் போனது, எட்டில் நின்ற செவ்வாய் பத்துக்கு மாறியது. பத்தில் செவ்வாய் நின்றால் தொழிலில் ஓங்கி நிற்பாள் என்று நாங்கள் மெச்சிச் சொல்வோம்.

நான் சந்தோஷத்தில் எழும்பிவிட்டேன். அவள் எழும்பவில்லை. கட்டிய கணக்கில் நின்ற ஏழு என்ற இலக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏழு யூரோவுக்கா அன்ரி?” என்றாள். அவ்வளவுதான். பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள்.

அவள் போனதும் என் ஆத்திரம் முழுக்க அந்த மென்பொருள் செய்தவர் மேல் திரும்பியது. அவருடைய தொலைபேசி இலக்கம் உள்ளேயே இருந்தது. அழைத்தேன். வவுனியாவில் ஏதோ அலுவலகத்தில் வேலை செய்பவராம், ஓய்வு நேரத்தில் தனியாகவே இதைச் செய்தாராம். எடுத்த எடுப்பில், “பிழையான சாதகத்தை ஏன் சும்மா குடுத்தனீங்கள்? ஒரு பிள்ளையின்ரை வாழ்க்கை போச்சு!” என்று பொரிந்து தள்ளினேன். அவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

“அக்கா, நான் இலங்கை ஊருக்குத்தானே சும்மா தந்தனான்? ஒவ்வொரு நாட்டிலையும் எந்த வருசம் எந்த மாசம் கோடை நேரம், மாரி நேரம் எண்டு மணிக்கூட்டை மாத்தினவங்கள், ஒவ்வொரு ஊரும் எங்கை கிடக்குது எண்டு தேடி எடுக்க எனக்கு நாலு வருசம் போச்சு. அதுக்குத்தான் அந்தச் சின்னக் காசு. இலங்கைக்கு மட்டும்தான் பொருந்தும் எண்டு எல்லாத் தாளிலையும் அடியிலை போட்டிருக்கிறனே, நீங்கள் காணேல்லையோ?”

மேசையில் என் கத்தரிக்கோல் கிடந்தது.

அடுத்த நாளே ஒரேத்தோவுக்கு பஸ் எடுத்தேன். கணினியில் பழையபடியே சேமித்திருந்த சாதகத்தை அந்த வரியோடு திரும்ப அச்சடித்து, பெண்ணுக்கும், அவளைப் போல இங்கேயே பிறந்த பொடியனுக்கும் புதிதாக எழுதியதையும் சேர்த்துக் கொண்டுபோனேன். பொடியனின் அம்மாவுக்கு முன்னால் பழையதையும் புதியதையும் வைத்து, நான் வெட்டியதையும் சொன்னேன். அவர் தாளைத் தொடவே இல்லை.

“கலியாணம் குழம்பினோடனை குறிப்பை மாத்திக் கொண்டு வாறியள் என்ன? எத்தினை பேரைப் பாத்திட்டன்.”

ஒரு உண்மை பிந்தி வந்தால் அதன் முகமும் கள்ளமாகத்தான் தெரியும் போலிருக்கிறது. எனக்கு வேறு வழி தெரியவில்லை, அதனால் கேட்டேன்: “உங்கடை மூத்த மகளும் இஞ்சை பிறந்தவதானே? அவவின்ரை பொருத்தமும் நான் இப்பிடித்தான் பாத்தனான். அதுவும் பிழை.”

அவர் முகம் வெளுத்துவிட்டது. மூத்த மகள் கல்யாணம் கட்டி ஆறு வருடம், இரண்டு குழந்தைகள், நல்ல சந்தோஷமாக இருக்கிறாள். “அப்ப என்ரை பிள்ளைக்கு என்ன நடக்கும்?” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அடுத்தவர் பிள்ளைக்குத் தலையெழுத்தாக இருந்த தாள், தன் பிள்ளை என்றதும் வெறும் பயமாகிவிட்டது. பொடியன் இவ்வளவு நேரமும் அதே அறையில்தான் இருந்தான். தலையைக் குனிந்து தொலைபேசியை நோண்டிக்கொண்டிருந்தான். அன்றைக்கும் சரி, அதற்கு முன்னும் சரி, அவன் வாய் திறந்து ஒரு சொல் சொல்லவில்லை.

இரண்டு கிழமைக்குப் பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை, தாயும் மகனும் சீசாவில் இருக்கும் தோழியின் வீட்டுக்கு வந்தார்கள். புதிய சாதகங்களை ஊரில் ஒருவரிடம் அனுப்பிப் பார்த்துவிட்டார்களாம், பொருத்தம் நன்றாக இருக்கிறதாம். கையில் கேக் கடையில் கட்டிய பெரிய தட்டு, தங்க நிற நாடா எல்லாம் போட்டு. தோழி என்னையும் கூப்பிட்டிருந்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

மகள் உள்ளே இருந்து வந்தாள். அந்தத் தட்டை எடுத்துப் பொடியனின் கையிலேயே திருப்பி வைத்தாள்.

“மூண்டு கிழமையா நீங்கள் ஒரு மெசேஜ்கூடப் போடேல்லை. என்ரை அப்பாவைப் பற்றிக் கதைக்கேக்கையும் பேசாமல்தான் இருந்தனீங்கள். பேப்பர் சரியெண்டோடனை வந்திருக்கிறியள். நாளைக்கு வேறை ஏதும் பேப்பர் பிழையெண்டால் திரும்பவும் போவியள்தானே? இப்பவே போங்கோ.”

அவன் அப்போதும் தாயைத்தான் பார்த்தான். நாடா குலையாமலே அந்தத் தட்டு திரும்பிப் போனது. தோழி மகளோடு சண்டை பிடித்தாள், பிறகு என்னோடு பேச்சை நிறுத்தினாள். நியாயம்தான். அந்தப் பொடியன் எப்படிப்பட்டவன் என்று தெரிந்தது நல்லதுதானே என்று சிலர் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். எனக்கு அந்த ஆறுதல் வேண்டாம். அவளுக்கு அவனைப் பிடித்திருந்தது, அதுதான் உண்மை.

அதன் பிறகு, இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு நான் எழுதிக்கொடுத்த வீடுகளுக்கெல்லாம் போய், அது பிழை என்று சொன்னேன். ஏசினவர்கள் உண்டு, சிரித்தவர்கள் உண்டு. ஒருவர் வெற்றிலைக் காசைத் திருப்பிக் கேட்டார், கொடுத்தேன். ஆனால் இன்னொருவர் எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டுவிட்டு, “அப்ப காசு கட்டினோடனை வந்த அந்தத் திறக்கிற இலக்கத்தை எனக்கும் ஒருக்கால் தாங்கோவன், சும்மா ஏன் ஏழு யூரோ?” என்றார். கல்யாண மண்டபத்துக்கு மூன்று நாள் வாடகை கட்டின மனிதர்! யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்கு அழுகிற கூட்டம் நாங்கள். அந்த வீட்டில் நான் போட்ட சத்தம் கீழே ரோட்டில் ஸ்கூட்டரில் போனவர்களுக்கும் கேட்டிருக்கும். அவரைத் திட்டவில்லை, ஒன்பது வருடம் அதே கதை கதைத்த என்னைத்தான் திட்டினேன் என்பது அவருக்குத் தெரியாது.

பெண்ணிடம் அந்த ஏழு யூரோவைக் கொடுக்கப் போனேன். வாங்க மறுத்துவிட்டாள். இப்போதும் பகேரியாவுக்குப் போய் வருகிறாள், வேறு நேர ரயிலில். வழியில் கண்டால் அன்ரி என்று சிரிப்பாள், ஆனால் நின்று கதைக்க மாட்டாள்.

யாராவது வற்புறுத்திக் கேட்டால் இன்னும் குறிப்பு எழுதிக் கொடுக்கிறேன், வெற்றிலை வாங்குவதில்லை. காசு கட்டிய பிறகு தாளின் அடியில் அந்தப் பழைய வரி வருவதில்லை. அந்த இடத்தில் ‘பதிவு செய்தவர்’ என்று கட்டியவரின் பெயர் வருகிறது. ஒவ்வொரு சாதகத்தின் அடியிலும் அவளுடைய பெயர். இது யார் என்று கேட்கிறவர்களிடம், நான் கட்டியிருக்க வேண்டிய காசைக் கட்டிய பிள்ளை என்று சொல்கிறேன், கத்தரிக்கோலை எடுப்பதில்லை.