பேச்சு என்று பதிவான நேரம்

காது கேட்கும் கருவியை உருவாக்கி, நன்றாகவே சம்பாதித்து, போதும் என்று கம்பெனியை விற்றுவிட்டு ராஜபாளையத்துக்குத் திரும்பியவன் நான். மில் இரைச்சலில் காதைத் தொலைத்தவர்கள் இங்கே தெருவுக்குத் தெரு உண்டு. அவர்களுக்கு இலவசமாகவே கொடுக்கிறேன். ஒரே நிபந்தனை: ஆள் இறந்தால், பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் கருவி திரும்பி வர வேண்டும். சாவு வீட்டில் போய்ப் பொருள் கேட்கிற பிசினாறி என்று என் காதுபடவே சொன்னார்கள். சொல்லட்டும்.

மடவார் வளாகத்தில் ஓய்வுபெற்ற மில் மெக்கானிக் ஒருவர் இறந்து நாலு மாதமாகியும் கருவி வரவில்லை. சுந்தரபாண்டியத்தில் ஒரு பெண் அதற்காகக் காத்திருந்தாள். கைக்குழந்தை அழுவது கேட்காதே என்று தூங்கவே பயப்படுகிறவள். கோபத்தோடு நானே கிளம்பிப் போனேன்.

மெக்கானிக்கின் மனைவி அங்கே தனியாக இருந்தார். மறுபேச்சில்லாமல் கருவியை எடுத்து வந்தார். லேப்டாப்பில் இணைத்துப் பார்த்தேன். அருகில் பேச்சா, இரைச்சலா, அமைதியா என்று அது நேரத்தைக் குறித்து வைக்கும். என்ன பேசினார்கள் என்பது பதிவாகாது. மெக்கானிக் உயிரோடு போட்டிருந்த ஆறு மாதமும் கிட்டத்தட்ட முழுக்க அமைதி. இறந்த மறுவாரத்திலிருந்து அன்று காலை வரை, தினமும் மணிக்கணக்கில் பேச்சு.

“யாரும்மா இதைப் போடுறது?”

“யாரும் போடலய்யா. ராத்திரி சார்ஜ் போட்டு, காலைல அவிய படத்து முன்னால வச்சிருவேன். அவிய கூடப் பேசுவேன்.”

“இருந்தப்பப் பேசலையா?”

“காது கேக்காதுன்னு எதிர நின்னே வாய்க்கு வந்தபடி ஏசுவேன். அவிய சிரிப்பாக. மிசின் மாட்டுன அன்னைக்குத்தான் சொன்னாக, மில்லுல அம்புட்டுப் பேரும் உதட்டப் பாத்தே பேச்சு தெரிஞ்சுக்கிடுவோம்னு. அன்னையோட எனக்கு வாயடைச்சுப் போச்சு.”

என் கோபம் போன இடம் தெரியவில்லை. தயங்கித் தயங்கிச் சுந்தரபாண்டியத்துப் பெண்ணைப் பற்றிச் சொன்னேன்.

“பிள்ள அழுறது கேக்கலயா? அப்ப கொண்டு போங்க. அவியட்ட ஒண்ணு மட்டும் கேட்டுக்கிடுதேன். செத்த நேரம் வெளிய நில்லுங்கய்யா.”

கருவியை அவரிடமே கொடுத்துவிட்டு வாசலில் நின்றேன். “என்ன மன்னிச்சிட்டீகளா?” என்று அந்தம்மாவின் குரல் கேட்டது. பிறகு வெகுநேரம் ஒன்றுமில்லை. எதிராளி சொல்லி முடிக்கட்டும் என்று இருந்தவர் போல, கடைசியில், “சரி, சரி” என்றார். முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து கருவியை என் கையில் வைத்தார்.

பழைய பதிவைப் படித்துவிட்டுத்தான் அழிப்பது என் வழக்கம். அந்த நீண்ட நேரத்தைக் கருவி அமைதி என்று குறித்திருக்குமா, பேச்சு என்றா? எனக்குப் பயமாக இருந்தது. பார்க்காமலே அழித்தேன்.